வெள்ளத்தோடு போகக்கூடாத வரைபடங்கள்: திருகோணமலைக்கு எந்தத் தரவு, எங்கே, எத்தனை கொப்பி?

மூதூருக்கு வெள்ளம் வருமா என்பதை மூதூரில் நின்று சொல்ல முடியாது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதன் வடிநிலம். மலைநாட்டில் கொட்டிய மழை பொலன்னறுவை மாவட்டத்து மனம்பிட்டியில் ஆற்றுமட்டமாக அளக்கப்பட்டு, அதன் பிறகுதான் வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் மூதூரிலும் வயல்களுக்குள் ஏறும். அந்த இடைவெளிதான் சனத்தை வெளியேற்றக் கிடைக்கும் நேரம். மனம்பிட்டி மட்டம் இவ்வளவு என்றால் இங்கே எந்த வீதி முதலில் மூழ்கும், எந்த மதகு அடைபடும், எந்தப் பாடசாலை மேட்டில் இருக்கிறது, எந்த கிராம உத்தியோகத்தர் பிரிவில் எத்தனை குடும்பம் என்று அந்த நேரத்துக்குள் தெரிய வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் புவிசார் தரவு. இடத்தோடு கட்டப்பட்ட தகவல் என்று எளிமையாகச் சொல்லலாம். இதை வைத்திருக்கும் கைகள் பல. நில அளவைத் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம், வளிமண்டலவியல் திணைக்களம், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையம், வீதி அபிவிருத்தி அதிகார சபை, காணிப் பதிவகம், பிரதேச செயலகங்கள் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் தன் பங்கைத் தன் கணினியில் வைத்திருக்கிறது. அனர்த்தம் வரும்போது அந்தக் கணினியும் அனர்த்தத்துக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே பேச வந்த விடயம்.

திருகோணமலைக்கு இது ஏட்டளவிலான கவலை இல்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி கிண்ணியா வைத்தியசாலையையே அழித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, மகாவலி பெருகி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. குளம் உடைதல், கடல் ஏறுதல், ஆறு பெருகுதல் என்று மூன்றும் ஒரே மாவட்டத்துக்குள், நாற்பது வருட இடைவெளிக்குள். நகரமோ இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த நிலத்துண்டில் இருக்கிறது. ஒரு அலுவலகத்தின் தரவை இன்னொரு அலுவலகத்தில் கொப்பி எடுத்து வைத்தாலும், இரண்டுக்கும் இடையில் சில கிலோமீற்றர் தூரம்தான்.

அப்படியானால் கொழும்பில் ஒரு கொப்பி போதாதா என்று கேட்கலாம். டித்வா வந்த அதே கிழமை களனி கங்கையும் கரை கடந்து கொழும்பின் புறநகர்களை மூழ்கடித்ததை நினைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரே புயல் இரண்டு ஆற்று வடிநிலங்களையும் ஒரே நாளில் தாக்கக்கூடிய அளவு சிறிய தீவு இது.

கொப்பிகளைப் பற்றிப் பேசும் எவரும் 3–2–1 என்ற விதியைச் சொல்வார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு ஊடகங்கள், குறைந்தது ஒரு பிரதி வேறு ஊரில். நல்ல விதிதான். ஆனால் அது தரவை ஆபத்திலிருந்து தூரமாக நகர்த்துவதைப் பற்றி மட்டுமே யோசிக்கிறது. வெருகல் போன்ற ஒரு இடத்துக்கு அது பாதிப் பதில். தொலைபேசிக் கோபுரம் விழுந்து, ஃபைபர் அறுந்து, மின்சாரமும் போன பிறகு, சிங்கப்பூர் கிளவுட்டில் பத்திரமாக இருக்கும் வரைபடத்தால் வெருகல் பிரதேச செயலகத்துக்கு ஒரு பயனும் இல்லை. எனவே இரண்டு திசையிலும் பிரதி போக வேண்டும்: திருகோணமலையின் தரவு வெளியே, வெளியே இருக்கும் தரவு திருகோணமலைக்குள்ளே. இரண்டாவது திசையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

உள்ளே வர வேண்டியதில் அயல் மாவட்டங்களின் தரவும் அடங்கும். மாவட்ட எல்லையோடு வெட்டி எடுத்த வரைபடம் நிர்வாகத்துக்குச் சரி; தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. சோமாவதிச் சமவெளி எவ்வளவு நீரைத் தாங்கும், மேலே எந்தக் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்பது இல்லாமல் மூதூர் வரைபடம் முழுமையாகாது. பிரதி எடுக்கும் அலகு மாவட்டமாக இல்லாமல் ஆற்று வடிநிலமாக இருப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

எதை முதலில் காப்பாற்றுவது

தரவு முழுவதையும் ஒரே கவனத்தோடு காப்பது முடியாத காரியம், தேவையும் இல்லை. செய்மதிப் படங்களை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் சென்டினல் செய்மதிப் படங்களும், 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவும் உலகின் பல மையங்களில் இருக்கின்றன. பேரனர்த்தங்களுக்கான சர்வதேச விண்வெளிச் சாசனத்தின் வழியாக, அனர்த்த வேளையில் புதிய படங்களையும் கேட்டுப் பெறலாம். ராடார் செய்மதிக்கு முகில் ஒரு தடையே இல்லை. திருகோணமலையில் உள்ள எல்லா ஹார்ட் டிஸ்க்குகளும் உப்புத் தண்ணீரில் ஊறினாலும் இவை மறுநாளே திரும்பக் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், அலுவலகங்களில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதும், அதிகம் பாதுகாக்கப்படுவதும் இவைதான்.

திரும்பக் கிடைக்காதவை வேறு. ஒரு குளத்தின் துருசு (நீரைத் திறந்துவிடும் வாயில்) எந்த மட்டத்தில் இருக்கிறது, அதன் கட்டில் எந்த இடத்தில் கசிவு இருந்தது என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் குறித்து வைத்த எக்ஸெல் தாள். மதகுகளின் விட்டம். சுனாமி அலை எதுவரை வந்தது என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிந்த புள்ளிகள். குடிநீர்க் கிணறுகளின் இடங்கள், அவற்றில் எவை உப்பேறின என்ற குறிப்பு. நில அளவைக் கற்களின் விபரப் பதிவேடு. மீள்குடியேறிய குடும்பங்களுக்குப் பங்கிட்ட காணித் துண்டுகளின் எல்லைகள். அளவில் இவை அற்பம். மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு பென் டிரைவில் அடங்கலாம். பெரும்பாலும் ஒரே ஒரு கணினியில், ஒரே ஒருவருக்குத் தெரிந்த ஒரு ஃபோல்டரில் கிடக்கும். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால், வெள்ளம் வராமலே அந்தத் தரவு தொலைந்துவிடும்.

ஆகவே வரிசைப்படுத்தும்போது இரண்டு கேள்விகள் போதும். இது அழிந்தால் வேறு யாரிடமாவது கிடைக்குமா? கிடைக்காது என்றால், திரும்ப அளக்க எவ்வளவு காலம் ஆகும்? முதலாவதற்கு இல்லை என்றும் இரண்டாவதற்கு வருடக்கணக்கு என்றும் பதில் வருபவை முதலில் காப்பாற்ற வேண்டியவை.

காணி ஆவணங்கள் அந்த வரிசையின் தலையில் நிற்கும். 2004 சுனாமியில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் நிலப் பதிவு அலுவலகத்தின் புத்தகங்கள் சேற்றில் ஊறின. அவற்றை உறைய வைத்து ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய், ஜப்பானிய உதவியோடு உலர்த்தி மீட்டார்கள். கூடவே, அடையாளக் கல்லும் வேலியும் கழுவிப்போன நிலத்தில் யாருடைய எல்லை எது என்று சனத்தோடு நடந்தே திரும்ப வரைய வேண்டியிருந்தது. நம்முடைய கரையோரக் கிராமங்களிலும் உறுதியும் பெர்மிற்றும் அலையோடு போன குடும்பங்கள் உண்டு. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் நடக்கும் பிம்சவிய திட்ட வேலையில் காணித் துண்டுகளுக்கு நில அளவை வரைபடம் உருவாகிறது. அது வேறு ஊரிலும் இருக்கிறதா என்பது, போரில் ஒருமுறை, அலையில் ஒருமுறை ஆவணம் தொலைத்தவர்களுக்குச் சோறு போடும் கேள்வி.

எஸ்தோனியா இந்தக் கேள்விக்குத் துணிச்சலான ஒரு பதில் கண்டது. 2017இல் லக்சம்பேர்க்கோடு உடன்படிக்கை செய்து, நிலப் பதிவேடு உட்பட முக்கியமான அரச பதிவேடுகளின் பிரதிகளை அங்கே ஒரு தரவு மையத்தில் வைத்திருக்கிறது. கட்டடம் லக்சம்பேர்க் மண்ணில் இருந்தாலும், தூதரகம் போல அது எஸ்தோனியாவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

பிரதி வேறு, காப்புப் பிரதி வேறு

போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற தரவுத்தளத்தில் ஒரு கணினியில் நடக்கும் மாற்றம் சில வினாடிகளில் இன்னொரு கணினிக்கும் போகும்படி அமைக்கலாம். ஒன்று விழுந்தால் மற்றது எழும். ஆனால் ஒருவர் தவறுதலாகக் கிண்ணியாவின் வீதிகள் முழுவதையும் அழித்தால், அந்த அழிவும் அதே வேகத்தில் மற்றக் கணினிக்குப் போகும். கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தாலும் இதே கதைதான். கூடவே, யாரும் திருத்த முடியாதபடி பூட்டிய, இணையத்தோடு இணையாத, திகதியிட்ட காப்புப் பிரதி ஒன்று தனியாக இருக்க வேண்டும்.

இது இங்கே நடந்ததுதான். 2023இல் இலங்கை அரச கிளவுட் மீது நடந்த கப்ப மென்பொருள் தாக்குதலில், அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை, ஏனெனில் அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. தொழில்நுட்பத்தில் நம்மைவிடப் பல படி மேலே இருக்கும் தென்கொரியாவில் 2025 செப்டெம்பர் 26இல் நடந்தது இன்னும் பெரிது. தேஜோன் நகரிலிருந்த அரசாங்கத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றி, அரச ஊழியர்கள் கோப்புகள் வைத்திருந்த ஜி-டிரைவ் முழுவதும் போனது. 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்பதால் வெளியில் பிரதி எடுக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். எதை முதலில் காப்பது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே குவியலாக வைத்தால், குவியல் பெரிதாகிப் பிரதியே எடுக்க முடியாத நிலை வந்துவிடுகிறது.

தீயும் தண்ணீரும் மட்டுமே எதிரிகள் இல்லை. அமெரிக்காவில் வைத்தியசாலைகள், தீயணைப்பு நிலையங்கள், மின்கம்பித் தடங்கள் போன்றவற்றின் இடங்களைப் பொதுவில் தந்துவந்த எச்.ஐ.எஃப்.எல்.டி. என்ற அரச தளம் 2025 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டது. யாரும் குண்டு போடவில்லை, நிர்வாகத் தீர்மானம் மட்டும்தான். அதே வருடத் தொடக்கத்தில் ஹார்வர்ட் சட்ட நூலகத்தின் ஒரு பிரிவு, அமெரிக்க அரசின் திறந்த தரவுத் தளத்திலிருந்த 3,11,000க்கு மேற்பட்ட தரவுத் தொகுதிகளைப் பிரதி எடுத்தது. மொத்தம் 16 டெராபைட். இன்று கடையில் வாங்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்கிலேயே அது அடங்கும். வெளிநாட்டுத் திட்டப் பணத்தில் கட்டி, திட்டம் முடிந்ததும் இணைய முகவரிக்குக் கூடப் பணம் கட்டாமல் மறைந்துபோகும் தளங்களைக் கிழக்கில் வேலை செய்தவர்கள் பலர் அறிவார்கள்.

திறந்த உரிமத்தில் இருக்கும் தரவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 2012–13இல் மட்டக்களப்பில் மண்முனை வடக்கின் 30,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையப்பட்டன. அந்தத் திட்டம் முடிந்து வருடங்கள் ஆகியும் தரவு இருக்கிறது, ஏனெனில் அதை உலகில் பலர் தங்கள் கணினிகளில் பிரதி வைத்திருக்கிறார்கள். இலங்கை முழுவதுக்குமான கோப்பைத் தினமும் புதிதாக எவரும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் துருசு மட்டமும் இராது, காணி எல்லையும் இராது. அது வீதிக்கும் கட்டடத்துக்கும் மட்டும் உதவும்.

கொப்பி கையில் இருந்தும் திறக்காவிட்டால்

புவிசார் தரவின் தனித்த தொல்லை இங்கேதான். ஒரு கடிதத்தின் பிரதி கிடைத்தால் வாசித்துவிடலாம். வரைபடத்தின் பிரதி கிடைத்தாலும், அது எந்த அளவை முறையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் அது பொய் சொல்லும்.

இலங்கையின் ஆள்கூற்று வலையமைப்புக்குப் பிதுருதலாகலை மலை மையம். பழைய கந்தவளை முறையில் அந்த மலைக்குக் கிழக்கு எண் 2,00,000 மீற்றர், வடக்கு எண் 2,00,000 மீற்றர் என்று கொடுத்தார்கள். 1999க்குப் பிந்திய புதிய முறையில் அதே மலைக்கு இரண்டு எண்களும் 5,00,000. இரண்டையும் குழப்பினால் கன்னியா வெந்நீர் ஊற்று முந்நூறு கிலோமீற்றர் கிழக்கும் முந்நூறு கிலோமீற்றர் வடக்கும் தள்ளி வங்காள விரிகுடாவில் போய் விழும். அது நல்ல பிழை, ஏனென்றால் உடனே கண்ணில் படும். கந்தவளை அகலக்கோடு, நெடுங்கோடுகளை ஜி.பி.எஸ். அளவுகள் என்று எடுத்துக்கொண்டால் விலகல் இருநூறு மீற்றரளவுதான். வரைபடம் சரியாகத்தான் தெரியும். படகு மட்டும் பக்கத்து ஒழுங்கைக்குப் போகும்.

உயரத்தில் இன்னும் மோசம். இந்து சமுத்திரத்தின் இந்தப் பகுதியில் பூமியின் ஈர்ப்பு பலவீனமாக இருப்பதால், உண்மையான கடல்மட்டம் ஜி.பி.எஸ். கணக்குக்கு எடுக்கும் நீள்வட்டப் பரப்புக்கு ஏறக்குறைய நூறு மீற்றர் கீழே இருக்கிறது. திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். உயரத்தை வைத்துப் பார்த்தால் நிலாவெளிக் கடற்கரை கடலுக்கு அடியில். சுனாமி வரைபடத்தில் ஒரு மீற்றர் வித்தியாசமே ஒரு கிராமத்தை உள்ளேயோ வெளியேயோ தள்ளும் என்கிறபோது, உயரம் எந்த மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது என்ற ஒற்றை வரிக் குறிப்பு தரவைப் போலவே முக்கியம்.

ஷேப்ஃபைல் என்பது பெயருக்கு ஒரு கோப்பு. உண்மையில் நாலைந்து கோப்புகளின் கூட்டம். வாட்ஸப்பில் அனுப்பும்போது அளவை முறையைச் சொல்லும் சிறிய கோப்பு விடுபடுவது சாதாரணம். நம்மவர்களுக்கு இன்னொரு தலைவலி: பழைய அட்டவணைகளில் தமிழ்ப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சம்பூரும் தம்பலகாமமும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பிரதி எடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, ஒரே கோப்பில் எல்லாம் அடங்கும் ஜியோபெக்கேஜ் வடிவத்தில் சேமித்துவிட்டால் இந்தத் தொல்லைகள் பெருமளவு தீரும். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஒரு சரிபார்ப்பு எண் தொடர் உருவாக்கி வைத்தால், பிரதி பழுதாகவில்லை என்று சில வினாடிகளில் உறுதி செய்யலாம்.

பழைய பிரதியும் ஒரு ஆபத்து. சுனாமி காலத்து வரைபடத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இராது; 2009இல்தான் அது திறக்கப்பட்டது. உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று மட்டக்களப்பு வீதியில் பாதைகள் (வாகனம் ஏற்றும் மிதவைகள்) ஓடிய துறைகளில் பாலங்கள் முடிந்தது 2011இல். அந்த வருடங்களுக்கு முந்திய பிரதியை வைத்து நிவாரண வண்டிக்கு வழி போட்டால், இப்போது இல்லாத பாதைக்காகக் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். மறுபக்கம், வெள்ளம் ஒரு பாலத்தின் அணுகுவீதியை அறுத்த மறுநாள் நேற்றைய பிரதியே பழசு. ஆகையால் ஒவ்வொரு தரவுக்கும் தனித்தனித் தவணை வைக்க வேண்டும். ஆற்றுமட்டம் மணிக்கு மணி, வீதியும் பாலமும் ஒவ்வொரு திருத்த வேலைக்குப் பின்னும், குடும்பக் கணக்கு காலாண்டுக்கு ஒருமுறை. நில உயரத்துக்கு, புதிதாக அளக்கும்வரை ஒரே பிரதி போதும்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுக்கலாமா என்ற கேள்வியும் உண்டு. கடற்படைத் தளமும் சீனன்குடா விமான ஓடுதளமும் எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கும் ஊர் இது. அவற்றின் விபரங்கள் பொதுவில் போகத் தேவையில்லை. எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்ற பட்டியல் மீட்புக்கு மிக அவசியம், களவுக்கும் வசதி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; அந்தப் பட்டியலைக் குறியாக்கம் செய்து, திறவுகோலை இருவரிடம் கொடுத்து வைக்கலாம். ஆனால் மதகும் மேட்டுநிலமும் இரகசியமாக இருக்க எந்த நியாயமும் இல்லை. பாதுகாப்பு என்ற சொல்லை நீட்டி அவற்றையும் பூட்டிவைப்பது நம் அலுவலகங்களின் பழைய பழக்கம். நில அளவைத் திணைக்கள வரைபடங்களுக்குப் பதிப்புரிமையும் கட்டணமும் இருப்பதால், பிரதி எடுப்பதற்கான அனுமதியை நிறுவனங்கள் எழுத்தில் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு கடிதம் கையொப்பத்துக்காக மேசை மேசையாக ஏறி இறங்க நேரம் இராது.

செலவு என்று பார்த்தால் பெரிய சங்கதி இல்லை. முக்கிய உள்ளூர்த் தரவு சில கிகாபைட். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இணையம் இல்லாமல் இயங்கும் ஒரு மடிக்கணினி, அதில் இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ். உத்தியோகத்தர்களின் போன்களில் அதே வரைபடம். மேடான உவர்மலையில் ஒரு ஹார்ட் டிஸ்க். வேறு வடிநிலத்தில், உதாரணமாக யாழ்ப்பாணத்திலோ அனுராதபுரத்திலோ இன்னொன்று. நாட்டுக்கு வெளியே ஒன்று. கூடவே ஏ-சீரோ தாளில் அச்சிட்டு லெமினேற் செய்த வரைபடங்கள். அச்சுத் தாளைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஜெனரேற்றருக்கு டீசல் தீர்ந்த மூன்றாம் நாள் அதைத்தான் தேடுவார்கள்.

உண்மையில் செலவாவது ஆள் நேரம். யாராவது ஒருவருக்கு இது கடமைப் பட்டியலில் எழுதப்பட்ட வேலையாக இருக்க வேண்டும். ஆர்வமுள்ள தம்பி ஒருவரின் நல்ல மனதில் தொங்கக்கூடாது. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபருக்குப் பிறகுதான் பலக்கும் என்பதால், செப்டெம்பரில் ஒரு நாள் ஒத்திகைக்கு ஒதுக்கலாம். இணையத்தைத் துண்டித்து, வெறும் கணினி ஒன்றை எடுத்து, டிஸ்க்கிலிருந்து தரவை மீட்டு, வெருகலின் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு வெளியேற்ற வரைபடம் ஒன்றை அச்சிட வேண்டும். அந்த ஃபோல்டரை உருவாக்கியவர் அன்று லீவில் இருக்க வேண்டும் என்பது ஒத்திகையின் முதல் நிபந்தனை. எத்தனை மணி நேரம் பிடித்தது, எந்தக் கோப்பு திறக்கவில்லை, எந்தக் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை என்று அன்று மாலையே எழுதி, அந்தத் தாளையும் டிஸ்க்கோடு சேர்த்து வைக்கலாம்.